நான்காம் பங்கு

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது எங்கள் வீடுகளில் உழ்ஹிய்யா இறைச்சியின் பங்குகளைப் பற்றிப் பேச்சுத் தொடங்கிவிடும். வீட்டாருக்கு ஒரு பங்கு, உறவினருக்கும் அயலவருக்கும் ஒரு பங்கு, ஏழைகளுக்கு ஒரு பங்கு. ஈரல் யாருக்கு, தலை யாருக்கு, எலும்பு எந்த வீட்டுச் சட்டிக்கு என்பதெல்லாம் இரண்டு நாள் முன்பே முடிவாகிவிடும். தோலைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

முன்பு அப்படி இருக்கவில்லையாம். அறுப்பு முடிந்த கையோடு தோல் சேகரிக்கும் பிள்ளைகள் சாக்குடன் வாசலில் நிற்பார்களாம். தோல்கள் ஒன்றாகச் சேர்ந்து விற்கப்பட்டு, அந்தப் பணம் நல்ல காரியத்துக்குப் போகுமாம். இப்போது தோலுக்கு விலையில்லை. செயற்கைத் தோலும் றெக்சினும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இது நமது ஊர்க் கதை மாத்திரமல்ல. 2019ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளின்போது பங்களாதேஷில் தோல் விலை அடியோடு விழுந்தது. வாங்க ஆளின்றி மக்கள் தோல்களை மண்ணில் புதைத்தார்கள், தெருவோரங்களில் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு குழி வெட்டி மூடிவிடுவதே இப்போது வழக்கம். அதற்கும் சோம்பல்படுகிறவர்கள் இரவோடிரவாக ஓடையில் தள்ளிவிடுகிறார்கள். அக்குறணையை ஒட்டி ஓடும் பிங்கா ஓயா, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போய் மகாவலியில் கலக்கிறது. பெருமழை வந்தால் அதே ஓயா அக்குறணைக் கடைவீதிக்குள் ஏறி வருகிறது. நாம் கொடுத்ததை நமக்கே திருப்பித் தருவதில் ஆற்றை மிஞ்ச யாரும் இல்லை.

சென்ற வருடம் எங்கள் வீட்டில் ஓர் ஆடு உழ்ஹிய்யா கொடுத்தோம். கறுப்பில் வெள்ளைத் திட்டுகள் உள்ள கிடாய். அறுத்தவர் தோலை உரித்து ஓரமாகப் போட்டுவிட்டு, "இதக் குழியில போட்டுருங்க" என்றார். அவருக்குரிய கூலியை வாப்பா பணமாகவே கொடுத்தார். தோலையோ இறைச்சியையோ அறுப்புக் கூலியாகக் கொடுக்கக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் தமது குர்பான் ஒட்டகங்களைக் கவனிக்கும் பொறுப்பை அலீ (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தபோது, இறைச்சியோடு தோல்களையும் தர்மமாகப் பங்கிடும்படியும், அறுப்பவரின் கூலியை அவற்றிலிருந்து கொடுக்க வேண்டாமென்றும் பணித்தார்கள் என்பது பாடசாலையில் நாம் படித்த ஹதீஸ்தான். அதைப் படித்தபோது கூலி பற்றிய சட்டமாகவே மனதில் பதிந்தது. அன்று முற்றத்தில் நின்றபோதுதான், அந்த ஹதீஸில் தோல் என்ற சொல் இறைச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பது உறைத்தது. தோலும் பங்குதான். யாரிடமாவது போய்ச் சேர வேண்டிய பங்கு.

உம்மும்மா வாசல் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உம்மாவின் வீட்டில் ஆட்டுத் தோல் முசல்லா ஒன்று இருந்ததாம். "அதுல ஸுஜூது செஞ்சா மெத்துண்டு ஈக்கும் புள்ள. முழங்காலுக்குக் குளிர் ஏறாது" என்றார். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுபஹு நேரத்தில் எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையில் காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். உம்மும்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். கதிரையில் இருந்து தொழலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நெற்றி நிலத்தில் படும் வரைக்கும் படட்டும் என்கிறார் அவர்.

தோலை நான் பதனிடப் போகிறேன் என்று சொன்னேன். வாப்பா சிரித்தார். உம்மா பதில் சொல்லாமல் பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மாமி மட்டும் நேராகக் கேட்டார்: "படிக்கிற புள்ள தோல் ஊறப் போட்டுக்கொண்டு ஈக்கிதுண்டு வெளிய தெரிஞ்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தோலோடு புழங்குகிறவர்களைத் தள்ளி வைத்த பழக்கம் நமது தேசத்தில் எல்லாச் சமூகத்திலும் இருந்திருக்கிறது. கண்டி எசல பெரஹெராவில் மேளம் முழங்கும்போது வீதியே நிறைந்து நிற்கும். அந்த மேளத்தின் தோலைச் சுரண்டிக் கட்டியவரின் கைக்கு அந்த மதிப்புக் கிடைத்ததில்லை. சாதி இல்லை என்று சொல்லும் நாமும் இந்த அருவருப்பை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டோம். ஆனால் நாம் 'எங்கள் தாய்மார்' என்று சொல்லும் உம்மஹாதுல் முஃமினீன்களின் வரலாற்றைத் திறந்தால் அங்கே இருப்பது வேறு காட்சி.

இறந்துபோன ஓர் ஆட்டின் தோலைத் தாங்கள் பதனிட்டு, அது பழையதாகிப் போகும்வரை அதில் பேரீச்சம்பழ நீர் ஊறவைத்ததாக அன்னை ஸவ்தா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அன்னை மைமூனா (ரழி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்ததைக் கண்டபோது, அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்றுதான் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். செத்ததாயிற்றே என்று கூட இருந்தவர்கள் சொல்ல, தடுக்கப்பட்டிருப்பது அதை உண்பது மாத்திரமே என்று விளக்கினார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தோலைப் பதனிட்டுத் தைத்து, தமது கையுழைப்பால் வந்ததைத் தர்மம் செய்தவர்கள். தம் மனைவியரில் நீளமான கையுடையவரே முதலில் தம்மை வந்து சேர்வார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, மற்றவர்கள் கைகளை அளந்து பார்த்தார்களாம். முதலில் வஃபாத்தானவர் ஸைனப் (ரழி) அவர்கள். நீளம் என்பது கொடுக்கும் கையின் நீளம் என்பது அதன் பிறகுதான் விளங்கியது. ஹிஜ்ரி 8இல் முஃதா போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்த நாளில், அவருடைய மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்கள் நாற்பது தோல்களைப் பதனிட்டு, மாப் பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள் என்று ஸீறா நூல்கள் சொல்கின்றன. நாற்பது தோல்! நான் ஒரு தோலோடு பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த எண்ணிக்கையை என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை.

இவற்றை நான் மாமியிடம் சொன்னேன். "அது அந்தக் காலம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வேலையின் முதல் பகுதி நேரத்தோடு போட்டி. உரித்த தோலில் உடனேயே பற்றீரியாக்கள் பெருகத் தொடங்கிவிடும். கண்டியின் ஈரக் காற்றில், அதுவும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அரை நாள் தாமதித்தாலே மயிர் கழன்று வரும். வீட்டார் இறைச்சி பங்கிடப் போன நேரத்தில் நான் தோலை ஒரு பிளாஸ்டிக் பீப்பாயின் மேல் கவிழ்த்துப் போட்டு, உட்புறத்தில் ஒட்டியிருந்த கொழுப்பையும் இறைச்சித் துண்டுகளையும் சவ்வையும் சுரண்டினேன். கத்தி கூர்மையாக இருந்தால் தோல் ஓட்டையாகும். மழுங்கிய கத்தியும் உடைந்த சிரட்டையின் விளிம்பும் போதும். பிறகு இரண்டு கிலோ உப்பை ஓரம், காது, கழுத்து என்று ஒரு மடிப்பும் விடாமல் தேய்த்து, சரிவான பலகையில் விரித்து வைத்தேன். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறைந்த இடத்தில் பற்றீரியா வாழ முடியாது. அடுத்த நாள் நனைந்த உப்பைத் தட்டிவிட்டுப் புதிய உப்புப் பூசினேன். மாமி பயந்த வாடை வரவேயில்லை. நாறுவது கவனிக்காமல் விட்ட தோல்தான்.

அடுத்தது பதனிடுதல். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார்களால் ஆனது. பச்சைத் தோலில் இந்த நார்கள் நீரில் ஊறிக் கிடக்கின்றன. சும்மா காயவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல விறைத்துவிடும், நனைந்தால் மறுபடி அழுகும். பதனிடுவது என்றால் இந்த நார்களுக்கு இடையே இன்னொரு பொருளைப் புகுத்தி, அவை அழுகாதபடி பிடித்து வைப்பது. அரேபியாவில் அதற்கு 'கரழ்' என்ற கருவேல மரத்தின் காயும் இலையும் உதவின. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். உம்மும்மாவின் உம்மா வீட்டிலும் கடுக்காய்தானாம். இவற்றில் இருப்பது தனின். சாயத் தேநீர் நாக்கில் துவர்ப்பதும், பாக்கு வாயைச் சுருக்குவதும் இந்தத் தனின் இனத்தால்தான். நாக்கில் நாம் உணர்கிற அந்தச் சுருக்கம்தான் தோலுக்குள்ளும் நடக்கிறது.

கடுக்காய் வழி நல்ல வழி. ஆனால் வாரக்கணக்கில் ஊற வேண்டும், வெள்ளைத் திட்டுகளும் பழுப்பேறிவிடும். ஆகவே நான் படிகாரத்தைத் தெரிந்தெடுத்தேன். கண்டி நகரில் நாட்டு மருந்துக் கடையொன்றில் ஒரு கிலோ வாங்கி வந்தோம். கடைக்காரர் இவ்வளவும் எதற்கு என்று வாப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாராம். உப்பைக் கழுவி, சவர்க்காரம் போட்டுக் கொழுப்புப் பிசுக்கை நீக்கிய தோலை, சுமார் பத்து லீற்றர் நீரில் ஒரு கிலோ படிகாரமும் அரைக் கிலோ உப்பும் கரைத்து அதில் அமிழ்த்தினேன். வாளி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். படிகார நீர் உலோகத்தை அரிக்கும். ஐந்து நாட்கள், காலையும் மாலையும் ஒரு தடியால் புரட்டிவிட வேண்டும். மடிப்புக்குள் நீர் போகாத இடம் பச்சையாகவே நின்றுவிடும். ஐந்தாம் நாள் கழுத்துப் பக்கத்தில், தோல் மிகத் தடிப்பான இடத்தில், ஓரமாக ஒரு சிறு துண்டு வெட்டிப் பார்த்தேன். வெட்டு முகம் முழுவதும் ஒரே வெள்ளை. நடுவில் பச்சைக் கோடு இல்லை.

இவ்வளவோடு முடிந்துவிடும் என்றால் இது எளிய வேலைதான். மருந்து தன் வேலையைச் செய்யும், நாம் காத்திருக்கலாம். கையின் வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியவர் வாப்பாவுக்குத் தெரிந்த ஒரு சிங்கள மேளக் கைவினைஞர். பக்கத்துக் கிராமத்திலுள்ள அவருடைய வீட்டுக்கு வாப்பாவோடு போனேன். திண்ணை முழுவதும் பலா மரத்தில் கடைந்த மேள உடல்கள். "மேளத்துக்கு நான் தோலைப் பதனிடுவதே இல்லை, துவே" என்றார் அவர். மேளத் தோலை மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி, அசையாமல் காயவிடுகிறார்கள். நார்கள் ஒட்டி விறைத்தால்தான் நாதம் வரும். "உனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். காயும்போது அதைச் சும்மா இருக்கவே விடாதே" என்று சொல்லி, இரண்டு கைகளாலும் துணியைக் கசக்குவதுபோலச் செய்து காட்டினார். 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் நடந்தவற்றுக்குப் பிறகு அவருக்கும் வாப்பாவுக்கும் இடையே போக்குவரவு குறைந்திருந்தது. அன்று இரண்டு பேரும் வெகு நேரம் தோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு எதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கவில்லை.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அரைப் பதத்தில் காய்ந்திருந்த தோலின் உட்புறத்தில், மூன்று முட்டை மஞ்சட்கருவை வெதுவெதுப்பான நீரில் அடித்து, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் கலந்து பூசினேன். மஞ்சட்கரு எண்ணெயையும் நீரையும் ஒன்று சேர்ப்பதால் கொழுப்பு நார்களுக்குள் இறங்குகிறது. பிறகு இழுப்பு. உலக்கையைக் கிடையாகக் கட்டி, அதன் மேல் தோலைப் போட்டு, ஒரு முனையை நானும் மறு முனையை உம்மும்மாவும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவது போலவும் மரம் அறுப்பது போலவும் முன்னும் பின்னும் இழுத்தோம். நிறுத்தினால் பப்படம்போல ஓர் ஓரம் விறைக்கும். விறைத்த இடத்தை ஈரத் துணியால் நனைத்து மறுபடி இழுக்க வேண்டும். வெளியே மழை விடவில்லை. தகரக் கூரைத் தாழ்வாரத்தில் இரண்டு நாட்கள் இதே வேலை. தோள் வலித்தது, உள்ளங்கை சிவந்தது. ஒரு கட்டத்தில், சாம்பல் நிறமாகக் கிடந்த உட்புறம் இழுக்க இழுக்க வெள்ளை வெளேரென்று மாறத் தொடங்கியது. நார்கள் பிரிந்து இடையே காற்றுப் புகும் அடையாளம் அது. ஒவ்வொரு அங்குலமாக அந்த வெள்ளை பரவுவதைப் பார்க்கப் பார்க்கக் கைவலி மறந்துபோகும்.

இரண்டாம் நாள் அஸருக்குப் பிறகு மாமி வேறு ஏதோ விஷயமாக வந்தார். உம்மும்மாவின் கை ஓய்ந்து போயிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற மாமி, ஒன்றும் பேசாமல் அந்த முனையைப் பிடித்துக்கொண்டார். மஃரிப் வரை இழுத்தார். போகும்போது சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினார். அடுத்த நாள் காலையிலும் வந்தார்.

கடைசியாகச் செங்கல் துண்டொன்றால் உட்புறத்தைத் தேய்த்து மழமழப்பாக்கி, மயிரைச் சீவி, ஓரங்களை வெட்டினோம். படிகாரத்தில் பதனிட்ட தோலுக்கு ஒரு குறை உண்டு. நன்றாக நனைந்தால் படிகாரம் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே அதைத் தண்ணீரில் போட்டுக் கழுவக் கூடாது, துடைக்கத்தான் வேண்டும். சுத்தத்தைப் பற்றி உம்மா கேட்டார். எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில், தானாகச் செத்த பிராணியின் தோலைத்தான் பதனிட்டுச் சுத்தமாக்க வேண்டியிருக்கிறது. முறைப்படி அறுத்த ஆட்டின் தோல் முன்பே சுத்தமானது. நாங்கள் பதனிட்டது அது அழுகாமல் நிலைக்கத்தான்.

மிஞ்சிய படிகார நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை ஓடைப் பக்கம் ஊற்றிவிடலாம் என்று நானா சொன்னார். நான் மறுத்தேன். தோலுக்கு ஹக் இருப்பதுபோல ஆற்றுக்கும் ஹக் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்ற ஊர்கள் தோலால் பேர் பெற்றவை. முதல் இரண்டு ஊர்களின் தோல் தொழிலில் தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்குண்டு. வாரக்கணக்கான பட்டை ஊறலை விட்டு, மிக விரைவாக முடியும் குரோமியப் பதனிடலுக்குத் தொழிற்சாலைகள் மாறின. இன்று உலகத் தோலில் பெரும்பகுதி அப்படித்தான் பதனிடப்படுகிறது. கழிவுநீர் பாலாற்றிலும் வயல்களிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர் மாவட்ட மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு வழங்கியது. சூழலைக் கெடுத்தவரே அதற்குரிய செலவையும் ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரு வாளி நீர் எங்கே, அத்தனை தொழிற்சாலைகளின் கழிவு எங்கே என்று கேட்கலாம். ஆனால் பிங்கா ஓயாவில் சேர்வதெல்லாம் ஒவ்வொரு வாளியாகச் சேர்வதுதான். கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தூரமாகக் குழி வெட்டி அந்த நீரை ஊற்றி மூடினோம்.

உம்மும்மா இப்போது அந்தத் தோலில்தான் தொழுகிறார். விலைக்குக் கேட்டவர்களும் உண்டு. உழ்ஹிய்யாவின் தோலை விற்கக் கூடாது. நாமே பயன்படுத்தலாம் அல்லது தர்மமாகக் கொடுக்கலாம். அதைச் சொல்லி மறுத்தபோது, கேட்டவர்களில் ஒருவர் தமது வீட்டிலும் முழங்கால் வாதத்தோடு ஒரு மூத்தம்மா இருப்பதாகச் சொன்னார். நமது தெருக்களில் இப்படி எத்தனை முழங்கால்கள், எத்தனை குளிர்ந்த சீமெந்துத் தரைகள்! அந்தத் தரைகளை மூடக்கூடிய தோல்களைத்தான் வருடா வருடம் நாம் குழியில் மூடிக்கொண்டிருக்கிறோம்.

எல்லா வீட்டிலும் எல்லோரும் தோல் பதனிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தெருவில் இரண்டு பேருக்கு இந்த வேலை தெரிந்திருந்தால் போதும். மற்றவர்கள் அறுத்த உடனே உப்புத் தடவிக் கொடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு தோலுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் உப்பு, ஒரு கிலோ படிகாரம், மூன்று முட்டை, பன்னிரண்டு நாட்கள், இழுப்பதற்கு இரண்டு பேர். செலவு பெரிதல்ல. கடினமானது அந்த இரண்டாவது ஆளைத் தேடிக்கொள்வதுதான்.

வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் தெருவில் மூன்று வீட்டார் தங்கள் தோல்களை எங்களுக்கென்று சொல்லி வைத்திருக்கிறார்கள். முதலாவது அந்த மூத்தம்மாவுக்கு. மற்ற இரண்டும் யாருக்கென்பதை மாமி தீர்மானிப்பாராம். உப்பு வாங்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.